ஹாரன் லைனும் அவுட்புட் டிரான்சிஸ்டரும்: 120 வாட் மைக்செட் ஆம்ப் பழுதுநீக்கக் குறிப்பு

பெஞ்சுக்கு வந்தது 120 வாட் மைக்செட் ஆம்ப்ளிபயர். 24 வோல்ட் பேட்டரியிலும் 230 வோல்ட் கரண்டிலும் ஓடும் வகை. ஆன் செய்த உடனே டிசி ஃபியூஸ் போகிறது என்பது புகார். வேறோர் இடத்தில் ஏற்கெனவே அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றி, முதல் நிகழ்ச்சியிலேயே மறுபடி போயிருக்கிறது. மாற்றிய அவுட்புட் உடனே போகிறதென்றால் மூடியைத் திறப்பதற்கு முன் ஹாரன் (கூம்பு ஸ்பீக்கர்), ஒயர் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஆம்பை மட்டும் சரிசெய்து அனுப்பினால், அதைக் கொன்ற லோடு, அதாவது அவுட்புட்டில் மாட்டிய ஹாரனும் ஒயரும், அங்கேயே காத்திருக்கும்.

முதலில் சர்க்யூட். டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர், அதன் செகண்டரியில் இரண்டு பக்கம், பக்கத்துக்கு மூன்று 2என்3055 பவர் டிரான்சிஸ்டர். ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.22 ஓம் 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர். கலெக்டர்கள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரு முனைகளுக்குப் போகின்றன. நடு டேப்பில் (சுற்றின் நடுவிலிருந்து எடுத்த முனையில்) 24 வோல்ட். மறுபக்கம் 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் டேப்புகள். பல வருடங்களாகக் கிராமத்துத் திருவிழாக்களை ஓட்டிய அமைப்பு இதுதான். பேட்டரியில் நேராக ஓடுவதால் இன்றைக்கும் ஒதுக்க முடியாதது.

120 வாட்டுக்கு 100 வோல்ட் டேப்பில் எத்தனை ஓம் லோடு வரலாம்? வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் போதும்: 10,000 வகுத்தல் 120, அதாவது 83 ஓம். 30 வாட் லைன் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் (100 வோல்ட் லைனை ஹாரனின் ஓமுக்கு ஏற்றபடி மாற்றுவது) போட்ட ஹாரன் ஒன்று 333 ஓம். அப்படி நான்கைப் பேரலலாகக் கட்டினால் சரியாக 83. இந்த செட்டோடு வந்ததும் நான்கு ஹாரன்தான். காகிதத்தில் கணக்கு ஒத்துப்போகிறது. அதனால்தான் முன்பு பார்த்தவர் லோடைச் சந்தேகப்படவில்லை.

லைனை அளப்பது

லைனை ஆம்பிலிருந்து கழற்றி மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்தால் 83 வராது. மீட்டருக்குத் தெரிவது டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் சுற்றிய கம்பியின் டிசி ரெசிஸ்டன்ஸ் மட்டுமே. இங்கே இருந்த ஹாரன்களில் அது தனித்தனியே 25 ஓம் அருகில். நான்கும் பேரலலில் 6 ஓமுக்கு மேல், ஒயரையும் சேர்த்தால் இன்னும் கூடுதல். இதைப் பார்த்து ‘லைன் ஷார்ட்’ என்று முடிவு கட்டுவோர் உண்டு. 6 ஓம் காட்டினால் கவலை வேண்டாம். இந்த லைனைச் சுருளாகப் போட்டு, ஹாரன் பக்க முனையில் அளந்தபோது காட்டியது 1 ஓமுக்குக் கொஞ்சம் மேல். அதுதான் சந்தேகத்துக்குரியது.

ஏசியில் அளக்க எளிய வழி: செல்போனில் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஹெட்போன் முனையிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக லைனுக்குக் கொடுக்க வேண்டும். செல்போன் தரும் மொத்த வோல்ட்டை ஒருமுறை, லைனின் குறுக்கே உள்ளதை ஒருமுறை அளக்க வேண்டும். லைன் வோல்ட்டை, மொத்தத்துக்கும் லைனுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் தோராயமான ஓம் கிடைக்கும். 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் உள்ள மீட்டர் வேண்டும். 200, 750 மட்டும் உள்ள மலிவு மீட்டர் இதற்கு உதவாது. சில மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் குறைத்துக் காட்டும். ஆனால் இரண்டு அளவையும் ஒரே மீட்டரில் எடுப்பதால் விகிதம் பெரிதாகக் கெடாது. ஹாரன் யூனிட்டின் (ஒலி எழுப்பும் பகுதியின்) இம்பீடன்ஸ், அதாவது ஏசிக்குக் காட்டும் ஓம், ஒவ்வொரு சுருதியிலும் மாறும். ஆகவே 80 முதல் 130 ஓம் வரை எது வந்தாலும் நல்ல லைன்தான். இங்கே வந்தது சுமார் 3 ஓம்.

ஹாரன்களை ஒவ்வொன்றாகக் கழற்றியதில் நான்காவதைக் கழற்றியதும் அளவு நூறைத் தாண்டியது. அதன் பின்மூடியைத் திறந்தால் புது மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர். லேபிள் இல்லை, ஒயர்களின் நிறம் பழைய டிரான்ஸ்ஃபார்மரோடு ஒத்துப்போகவில்லை. மாற்றியவர் 16 ஓம் பக்கத்தை லைனிலும் 100 வோல்ட் பக்கத்தை யூனிட்டிலும் கட்டியிருக்கிறார்.

இந்தத் தலைகீழ் இணைப்பு எவ்வளவு கொடியது என்பதைக் கணக்கில் பார்க்க வேண்டும். 333 ஓமை 16 ஓமாக மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் ஏறக்குறைய 21 மடங்கு குறைக்கிறது. திருப்பிக் கட்டினால் 16 ஓம் யூனிட் லைனில் 21 மடங்கு சிறியதாக, 0.77 ஓமாகத் தெரியும். சுற்றுகளின் கம்பி ரெசிஸ்டன்ஸையும் சேர்த்தால் 3 ஓம். இந்த ஆம்பில் 100 வோல்ட் சுற்றுக்கும் பிரைமரியின் ஒரு பாதிக்கும் உள்ள விகிதம் 6.4, ஓம் கணக்கில் அது 41 மடங்கு. நல்ல லைனில் டிரான்சிஸ்டர்கள் பார்ப்பது 83 வகுத்தல் 41, அதாவது 2 ஓம். உச்சத்தில் 11 ஆம்பியர் ஓடும், மூன்று 2என்3055 அதைச் சாதாரணமாகத் தாங்கும். இந்தக் கெட்ட லைனில் அவை பார்ப்பது 0.07 ஓம். பிரைமரி கம்பியையும் எமிட்டர் ரெசிஸ்டரையும் சேர்த்தாலும் கால் ஓம்தான். 22 வோல்ட்டில் 88 ஆம்பியர் கேட்கிறது! மைக்கில் ‘ஹலோ’ சொன்னதும் போயிருக்கும்.

யூனிட் எது, லைன் எது என்று தெரியாத டிரான்ஸ்ஃபார்மரை அடையாளம் காண மீட்டர் போதும். டிசி ரெசிஸ்டன்ஸ் கூடுதலாகக் காட்டும் பக்கம் லைன் பக்கம். 1 ஓம் அருகில் காட்டுவது யூனிட் பக்கம். பல டேப் இருந்தால் பொது முனையிலிருந்து மிகக் கூடுதலாகக் காட்டுவது 100 வோல்ட் முனை. இதைப் பார்க்காமல் நிறத்தை நம்பி எந்த டிரான்ஸ்ஃபார்மரையும் கட்டக் கூடாது.

ஒயர் பற்றியும் ஒரு சொல். 200 மீட்டர் தூரத்துக்கு 23/36 ஒயர் (36 கேஜ் இழை 23 கொண்டது) இழுத்தால் போக, வர இரண்டும் சேர்த்து 10 ஓம் அளவு. 83 ஓம் லைனில் இது வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைத் தின்னும், பரவாயில்லை. அதே ஒயரில் 8 ஓம் டேப்பிலிருந்து நேராகப் பாக்ஸ் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் பாதிக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். தூரம் போக 100 வோல்ட் லைன் வந்ததே இதற்காகத்தான். கூடவே ஓர் எச்சரிக்கை: முழு சத்தத்தில் அந்த லைனின் உச்ச வோல்ட் 141. மரத்தில் தொங்கும் ஜாயிண்ட்டை இன்சுலேஷன் டேப் சுற்றாமல் விட்டால் மழையில் லைன் ஷார்ட் ஆகும், தொட்டவருக்கும் ஷாக் அடிக்கும்.

ஆம்பின் உள்ளே

ஃபியூஸைக் கழற்றி, 10,000 மைக்ரோஃபாரட் கண்டென்சரின் (கப்பாசிட்டர்) சார்ஜை 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டரால் இறக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஒரு பக்கத்தின் மூன்று டிரான்சிஸ்டர்களில் இரண்டு கலெக்டர்-எமிட்டர் ஷார்ட். மூன்றாவதன் எமிட்டர் ரெசிஸ்டர் ஓப்பன். சிமெண்ட் உடலின் ஓரத்தில் தலைமுடி அளவு வெடிப்பு. பேரலலாக இருக்கும்போது அளந்தால் மூன்றும் ஷார்ட் போலவே காட்டும் என்பதால் எமிட்டர் ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாக அளந்தது.

டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் பிரைமரியின் அந்தப் பாதி நேராக 24 வோல்ட்டின் குறுக்கே வந்துவிடும். ஃபியூஸ் போகும் நேரத்துக்குள் சுற்று சூடாகி வார்னிஷ் உருகியிருக்கலாம். எனவே புது டிரான்சிஸ்டர் வாங்குவதற்கு முன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைச் சோதிக்க வேண்டும். இரண்டு சோதனை போதும். ஒவ்வொரு பாதியிலும் 1 ஆம்பியர் டிசி விட்டு மில்லிவோல்ட் பார்ப்பது முதலாவது: இங்கே 110, 114 வந்தது, சுற்று உள்ளே, வெளியே என்று இருப்பதால் இவ்வளவு வித்தியாசம் இயல்பு. இரண்டாவது, எல்லா இணைப்பையும் எடுத்துவிட்டு 100 வோல்ட் டேப்பில் 12 வோல்ட் ஏசியை ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கொடுத்து மற்ற டேப்புகளை அளப்பது. 120 வாட் ஆம்பில் 16 ஓம் டேப்பில் 5.3 வோல்ட், 8 ஓமில் 3.7, 4 ஓமில் 2.6, பிரைமரியின் ஒவ்வொரு பாதியிலும் 1.9 அருகில் வர வேண்டும். உள்ளே சுற்று ஷார்ட் ஆகியிருந்தால் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் உறுமிச் சூடாகும், அளவுகளும் சரிந்துவிடும். இங்கே எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்தது 2என்3055. கடையில் கிடைப்பவற்றில் போலிகள் நிறைய. டிஓ-3 என்ற உலோகக் கூட்டுக்குள் சிறிய சில்லு வைத்து எண்ணை அச்சடித்தவை. டயோட் ரேஞ்சில் போலியும் நல்லது போலவே காட்டும். கரண்ட் விட்டுப் பார்ப்பதுதான் வழி. 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை. கலெக்டரில் 1 ஓம் 20 வாட், பேஸில் 10 ஓம் 5 வாட், எமிட்டர் கிரவுண்டில். ஏறக்குறைய 4 ஆம்பியர் ஓடும். கலெக்டர்-எமிட்டர் குறுக்கே 1.1 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. 4 ஆம்பியர், 400 மில்லிஆம்பியர் பேஸுக்கு டேட்டாஷீட் தரும் உச்சவரம்பு அது. இரண்டு விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம். போலிகள் 2 வோல்ட்டுக்கு மேலே போய், கை வைக்க முடியாத அளவு சுடும். நல்லவையாகத் தேறிய ஆறையும் ஒரே லாட்டில் எடுத்து மாற்றுவதே நல்லது. செத்த இரண்டை மட்டும் மாற்றினால் பழையதும் புதியதும் கரண்டைச் சமமாகப் பகிராது. முந்தைய பழுதுநீக்கத்தில் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே வைக்கும் பழைய மைக்கா தகடு ஒன்றில் துளை போன்ற கரும்புள்ளி இருந்தது. ஆறையும் புது மைக்கா, புது புஷ், மெல்லிய பேஸ்ட் பூசி இறுக்கி, ஒவ்வொரு கலெக்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மெகா ஓம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே சால்டர் செய்தது. ஆறு எமிட்டர் ரெசிஸ்டரும் புதிது.

முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது 230 வோல்ட் பக்கத்தில் 100 வாட் சீரிஸ் பல்பு. அது ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பயாஸை (சிக்னல் இல்லாதபோதும் ஓடவிடும் சிறு கரண்டை) எமிட்டர் ரெசிஸ்டரில் 5.5 மில்லிவோல்ட் வரும்படி வைத்தால் டிரான்சிஸ்டருக்கு 25 மில்லிஆம்பியர். ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின் இருக்கும். ஒன்றில் மட்டும் பூஜ்யம் வந்தால் அந்த டிரான்சிஸ்டர் வேலையில் சேரவில்லை, மற்றவை அதன் பங்கையும் சுமக்கின்றன என்று அர்த்தம்.

இஸ்திரிப் பெட்டி லோடு

சோதிக்க 83 ஓம் 120 வாட் ரெசிஸ்டர் வேண்டும். கடையில் தேட வேண்டியதில்லை. 230 வோல்ட் 600 வாட் இஸ்திரிப் பெட்டியின் காயில் (கம்பிச் சுருள்) 88 ஓம். நிக்ரோம் கம்பி என்பதால் சூடானாலும் ஓம் பெரிதாக மாறாது. 100 வோல்ட்டில் அது 114 வாட் மட்டுமே எடுக்கும். தெர்மோஸ்டாட்டை முழுக்கத் திருப்பி வைத்து, பெட்டியைச் செங்கல்மேல் நிறுத்தினால் மணிக்கணக்கில் ஓட்டலாம். 750 வாட் பெட்டி 70 ஓம், 1,000 வாட் 53 ஓம். 8 ஓம் டேப்பைச் சோதிக்க 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு மூன்றைப் பேரலலாக வாளித் தண்ணீரில் போட்டால் 9 ஓம் அருகில் வரும். குண்டு பல்பை லோடாகப் பயன்படுத்த வேண்டாம்: 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம், குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிக்னல் தொடங்கும் கணத்தில் அதுவே ஓவர்லோடு.

88 ஓமில் 1 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து, அலையின் தலை வெட்டுப்படும் விளிம்பில் 101 வோல்ட், அதாவது 116 வாட். சப்ளையில் 25 வோல்ட், 7.6 ஆம்பியர். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு ஸ்பீக்கருக்கு, மீதி ஹீட் சிங்க்குக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும். இரு பக்கமும் மாறி மாறி வேலை செய்யும் இந்த கிளாஸ் பி வகை ஆம்புக்கு இது நல்ல அளவு.

லோடு இல்லாதபோது

இஸ்திரிப் பெட்டியைக் கழற்றியதும் வோல்ட் 109 ஆனது. ஃபீட்பேக் (அவுட்புட்டின் ஒரு பங்கை உள்ளே திருப்பும் இணைப்பு) இருப்பதால் இதற்கு மேல் ஏறவில்லை. சப்ளை கரண்ட் 0.4 ஆம்பியருக்கு இறங்கியது. லோடு இல்லாமல் விட்டால் டிரான்சிஸ்டர் போகும் என்று பலர் நம்புகிறார்கள். டிரான்சிஸ்டர் ஆம்பில் வெறும் ஓப்பன் அவுட்புட் டிரான்சிஸ்டரைக் கொல்வது அபூர்வம். கரண்ட் ஓடாத இடத்தில் சூடு ஏது?

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஹாரனெல்லாம் கழன்று ஒயர் மட்டும் தொங்கினால் லோடு வெறும் கப்பாசிட்டர். முறுக்கிய இரட்டை ஒயர் மீட்டருக்கு 50 முதல் 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால் 200 மீட்டரில் 10 முதல் 20 நானோஃபாரட். டிரான்ஸ்ஃபார்மரின் லீக்கேஜ் இண்டக்டன்ஸோடு அது சேர்ந்து ஃபீட்பேக்கின் கட்டத்தை (ஃபேஸ்) திருப்பிவிடும். 100 வோல்ட் டேப்பில் 22 நானோஃபாரட் 630 வோல்ட் கப்பாசிட்டர் மட்டும் வைத்துப் பார்த்தபோது, உள்ளீட்டில் சிக்னலே இல்லாமல் சப்ளை கரண்ட் 1.3 ஆம்பியருக்கு ஏறியது. ஸ்கோப்பில் 60 கிலோஹெர்ட்ஸ் அருகில் அலை. காதுக்கு எதுவும் கேட்காது, ஹீட் சிங்க் மட்டும் சுடும். ஸ்கோப் இல்லாதவர்கள் சப்ளையில் ஆம்மீட்டரை வைத்து, ஒயரைச் செருகி எடுத்துப் பார்த்தாலே பிடித்துவிடலாம். சிக்னல் இல்லாத நேரத்தில் கரண்ட் 0.15 ஆம்பியரை விட்டு நகரக் கூடாது.

100 வோல்ட் டேப்பின் குறுக்கே 100 ஓம் 10 வாட்டும் 0.047 மைக்ரோஃபாரட் 630 வோல்ட்டும் சீரிஸாகப் போட்டதும் அலை நின்றது. முழு சத்தத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைத் தொடர்ந்து கொடுத்தால் அந்த ரெசிஸ்டரில் 8 வாட் போகும். ஆகவே 5 வாட் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். பேச்சிலும் பாட்டிலும் அந்தச் சுருதியில் அவ்வளவு சக்தி இருக்காது.

லோடு கூடும்போது, பேஸ் ஒலி கூடும்போது

இரண்டு இஸ்திரிப் பெட்டியைப் பேரலலாக, 44 ஓம் கொடுத்ததில் 86 வோல்ட்தான் வந்தது. 12 ஆம்பியர், சப்ளை 22 வோல்ட்டுக்கு இறக்கம். டிரான்சிஸ்டர் ஒன்றுக்கு 16 வாட் சூடு. சில நிமிடம் தாங்கும். எட்டு ஹாரன் கட்டி விடிய விடிய ஓட்டினால் தாங்காது. 2என்3055-இன் 115 வாட் என்பது உடல் 25 டிகிரியில் இருக்கும்போது மட்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.66 வாட் குறைந்து, 85 டிகிரியில் 75 வாட்தான் மிஞ்சும். வோல்ட் கூடக் கூட அதுவும் குறையும். 40 வோல்ட்டில் 2.87 ஆம்பியருக்கு மேல் போனால் செகண்ட் பிரேக்டவுனில் ஒரே புள்ளியில் உருகிவிடும்.

பலருக்கும் தெரியாத ஓவர்லோடு, ஹாரன் எண்ணிக்கை சரியாக இருந்தும் வருவது: பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி. 30 வாட் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மரின் சின்ன இரும்பு பேச்சுக்காகச் செய்தது. அதில் ஏறும் காந்தப்புலம் வோல்ட் கூடினாலும் சுருதி இறங்கினாலும் உயரும். 300 ஹெர்ட்ஸில் 100 வோல்ட் தாங்கும் இரும்பு 60 ஹெர்ட்ஸில் 20 வோல்ட்டிலேயே அதே நிலைக்கு வந்துவிடும். இரும்பு நிறைந்த கணத்தில் 333 ஓம் மறைந்து வெறும் கம்பியின் 25 ஓம் மிஞ்சுகிறது. நான்கு ஹாரனும் ஒரே நேரத்தில் அப்படி ஆனால் லைன் 6 ஓம். பஜனைக்கு நன்றாக ஓடிய ஆம்ப் சினிமாப் பாட்டின் டிரம்ஸில் போவது இதனால்தான். ஹாரனில் அந்தச் சுருதி கேட்கவும் கேட்காது. டிரான்சிஸ்டரை வதைப்பது மட்டுமே அதன் பயன்.

இரண்டு இடத்தில் தடுத்தது. ஆம்பின் உள்ளே, 47 கிலோ ஓம் உள்ளீட்டுக்கு முன் இருந்த 1 மைக்ரோஃபாரட் கப்ளிங்கை எடுத்து 0.022 மைக்ரோஃபாரட்: 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவு. ஒவ்வொரு ஹாரனிலும் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மரின் லைன் காலில் சீரிஸாக 4 மைக்ரோஃபாரட் 440 வோல்ட் ஃபேன் கண்டென்சர்: 120 ஹெர்ட்ஸ். ஃபேனுக்கான 2.5 மைக்ரோஃபாரட் போட்டால் 190 ஹெர்ட்ஸ். பேச்சு மட்டும் என்றால் அதுவே மேல். கண்டென்சரை மட்டும் நம்பக் கூடாததற்குக் காரணம் உண்டு. ஹாரன் யூனிட்டின் காயில் எரிந்து ஓப்பன் ஆனால், கண்டென்சரும் டிரான்ஸ்ஃபார்மரின் இண்டக்டன்ஸும் சேர்ந்து ஏதோ ஒரு தாழ்ந்த சுருதியில் அதிர்ந்து, அங்கே லைனை ஏறக்குறைய ஷார்ட் ஆக்கும். உள்ளீட்டிலேயே பேஸை வெட்டியிருந்தால் அந்தச் சுருதி லைனுக்கே வராது.

ஷார்ட்டுக்குக் காவல்

ஃபியூஸ் டிரான்சிஸ்டரைக் காப்பாற்றாது. தீப்பிடிக்காமல் காப்பதே அதன் வேலை. அது உருகுமுன் சில்லு போய்விடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிடி139 டிரான்சிஸ்டர் சேர்த்தது. ஒரு 2என்3055-இன் எமிட்டரிலிருந்து 100 ஓம் வழியாக பிடி139-இன் பேஸுக்கு, அங்கிருந்து இன்னொரு 100 ஓம் கிரவுண்டுக்கு. அதன் எமிட்டர் கிரவுண்டில், கலெக்டர் அந்தப் பக்கத்தின் பேஸ் ஒயரில். 0.22 ஓமில் 1.3 வோல்ட் விழும்போது, அதாவது டிரான்சிஸ்டருக்கு 6 ஆம்பியர் அளவில், பிடி139 விழித்து பேஸ் கரண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சாதாரண முழு லோடில் 4 ஆம்பியர்கூட வராததால் சத்தத்தில் குறை தெரியாது. இந்த இடத்தில் பிசி547 போட்டுப் பார்க்க வேண்டாம். 100 மில்லிஆம்பியர் வகை அது, முதல் ஷார்ட்டிலேயே போகும்.

சோதனையில் 100 வோல்ட் டேப்பை நேராக ஷார்ட் செய்து முழு சிக்னல் கொடுத்தால் சப்ளை கரண்ட் 11 ஆம்பியரில் நின்றது. டிரான்சிஸ்டருக்கு 40 வாட். இங்கே 10 ஆம்பியர் ஃபியூஸ் சீக்கிரம் போகாது, அதனால் ஹீட் சிங்க்கில் 75 டிகிரி தெர்மல் சுவிட்ச் ஒன்றைத் திருகி, டிரைவர் நிலையின் சப்ளையை அது வெட்டும்படி கட்டியது. பிடி139-உம் தெர்மல் சுவிட்சும் சேர்ந்துதான் காவல். ஒன்று மட்டும் இருந்தால் அரைகுறை.

டேப்புகளைக் கலந்து கட்டுவது

எல்லா டேப்பிலும் வோல்ட் ஒரே நேரத்தில் இருக்கிறது. எடுக்கும் வாட்டுகளின் கூட்டுத்தொகை 120-ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. 8 ஓம் பாக்ஸை 8 ஓம் டேப்பில் போட்டால் அது ஒன்றே 120 வாட்டையும் எடுத்துக்கொள்ளும், ஹாரனுக்கு இடமில்லை. அதே பாக்ஸை 4 ஓம் டேப்பில் போட்டால் அங்கே 22 வோல்ட், 60 வாட். மீதி 60 வாட்டுக்கு 100 வோல்ட் டேப்பில் இரண்டு ஹாரன் கட்டலாம். 8 ஓம் பாக்ஸ் 16 ஓம் டேப்பில் 240 வாட் கேட்கும். 100 வோல்ட் டேப்பில் 1,250 வாட். பாக்ஸும் போகும், ஆம்பும் போகும். சந்தேகம் வந்தால் ஓம் எண் சிறிய டேப்புக்கு இறங்க வேண்டும். சத்தம் குறையும், எதுவும் எரியாது.

வால்வு ஆம்பிலும் கிளாஸ் டியிலும்

வால்வு ஆம்புக்கு இந்த அறிவுரையில் பாதி தலைகீழ். இஎல்34 வால்வு ஜோடி போட்ட 50 வாட் ஆம்பில் ஸ்பீக்கர் கழன்ற நிலையில் சத்தம் கொடுத்தால், போக வழியில்லாத காந்த சக்தி ஆனோடில் சப்ளையின் பல மடங்கு வோல்ட்டாக எழும். சாக்கெட்டில் 3-வது பின் ஆனோடு, பக்கத்தில் 2-வது பின் ஹீட்டர். இரண்டுக்கும் நடுவே பொறி பாய்ந்து பேக்லைட்டில் கரிக்கோடு விழும். கரிக்கோடு விழுந்த சாக்கெட்டைச் சுரண்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே பாய்ந்திருந்தால் அதுவும் போச்சு. வால்வு ஆம்பில் ஸ்பீக்கர் ஜாக் எடுத்ததும் அவுட்புட் ஷார்ட் ஆகும் வகையைப் போடுவது அதனால்தான். ஓப்பனைவிட ஷார்ட்டை வால்வு பொறுத்துக்கொள்ளும். அந்த ஜாக் இல்லாத செட்டில் 8 ஓம் அவுட்புட்டின் குறுக்கே 220 ஓம் 10 வாட் நிரந்தரமாக வைக்கலாம், 20 வோல்ட்டில் அது 2 வாட்கூட எடுக்காது. முழுக் காவல் அல்ல, ஆனாலும் அவுட்புட் அடியோடு ஓப்பன் ஆகாமல் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு ஆனோடிலிருந்தும் கிரவுண்டுக்கு மூன்று 1என்4007 டயோடைச் சீரிஸாக, டயோடின் கேத்தோடு வால்வின் ஆனோடு பக்கம் பார்த்திருக்கும்படி வைக்கலாம். 8 ஓம் டேப்பில் 16 ஓம் ஸ்பீக்கர் போட்டால் ஸ்கிரீன் கரண்ட் ஏறி 1 கிலோ ஓம் ஸ்கிரீன் ரெசிஸ்டர் கருகும். 4 ஓம் போட்டால் ஆனோடு தகடு சூடேறும். நல்ல டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட் இந்த ஒரு படி வித்தியாசத்தைப் பெரும்பாலும் தாங்கும், இரண்டு படி வேண்டாம்.

கிளாஸ் டி (டிரான்சிஸ்டர்களை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓடும் ஆம்ப்) போர்டில் கவனிக்க வேண்டியது அவுட்புட்டில் உள்ள காயிலும் கப்பாசிட்டரும். 22 மைக்ரோஹென்றி, 0.68 மைக்ரோஃபாரட் ஜோடி 41 கிலோஹெர்ட்ஸில் அதிரும். 4 ஓம் லோடில் அது அடங்கியிருக்கும், 8 ஓமில் கொஞ்சம் எழும்பும், லோடே இல்லையென்றால் அடக்க ஆளில்லாமல் கப்பாசிட்டரின் குறுக்கே வோல்ட் சப்ளையையும் தாண்டும். பழுதுபார்க்கும்போது இந்தப் போர்டை ஓப்பனில் வைத்து உயர்ந்த சுருதியை ஏற்றிப் பார்ப்பதே அதைக் கெடுக்கும் வழி. லோடு இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் 1 கிலோஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 100 வோல்ட் லைனுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் சேர்த்து ஓட்டுவதானால், அவுட்புட் கப்பாசிட்டரின் குறுக்கே 10 ஓம் 5 வாட்டும் 0.47 மைக்ரோஃபாரட்டும் சீரிஸாகப் போட்ட பிறகே லைனைக் கட்ட வேண்டும்.